‘அங்கிட்டு’ என்றால் எங்கிட்டு? வகுப்பில் தெளிவாகச் சொல்லவும் சொன்னபடி செய்யவும் பழக்கும் விளையாட்டுகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அநேகமாக எல்லா ஆசிரியரும் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: “சொன்னா கேக்கவே மாட்டேங்குதுக.” பிள்ளைகள் பெரும்பாலும் கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்டதை மூன்று நான்கு விதமாகச் செய்ய முடியும் என்பதுதான் சிக்கல். “எல்லாரும் வட்டமா உக்காருங்க” என்றால் ஒரே வட்டமா, நாலைந்து வட்டமா? பையோடா, பையில்லாமலா? உள்ளேயா, மரத்தடியிலா? நாற்பது பேரும் ஆளுக்கொன்றாக ஊகித்துக்கொள்கிறார்கள். நாம் அதற்குச் சேட்டை என்று பெயர் வைக்கிறோம்.

மதுரைப் பக்கம் புதிதாக வகுப்பெடுக்க வந்தவர்கள், பி.எட். பயிற்சிக்காகப் பள்ளிக்கு வந்திருப்பவர்கள், மாலை மையங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்கள் ஆகியோருக்கு இந்தக் கட்டுரை உதவும். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை இந்த விளையாட்டுகள் செல்லும். பழைய தாள், சாக்பீஸ், ஒரு துண்டு இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

எல்லா விளையாட்டுக்கும் அடிப்படை விதி ஒன்றுதான். செய்கிறவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். சொல்லாமல் விட்டதைத் தானாக நிரப்பிக்கொள்ளக் கூடாது. முடிவு கோணலாக வந்தால் முதலில் சொன்னவரின் சொற்களைப் பார்க்க வேண்டும், செய்தவரின் கையை அல்ல. இதை முதல் நாளே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். “இவனுக்கு ஒண்ணுமே தெரியல சார்” என்ற புகார் வரும்போதெல்லாம் அதைக் கை காட்டினால் போதும்.

முதலில் நம் வாய்

பிள்ளைகளுக்குப் பழக்குவதற்கு முன் நம் பேச்சை ஒருமுறை கவனிக்க வேண்டும். “பையை வச்சுட்டு, நோட்டை எடுத்துக்கிட்டு, செருப்பைப் போட்டுட்டு, வெளிய வந்து வரிசையா நில்லுங்க.” எச்சத்துக்கு மேல் எச்சமாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்றைப் போட்டு முடிக்கத் தமிழ் தாராளமாக இடம் கொடுக்கிறது. இலக்கணப்படி அது ஒரே வாக்கியம். பிள்ளைக்கு அது ஐந்து வேலை.

கேட்டதை அந்த நேரத்துக்கு மனதில் நிறுத்திவைக்கும் அளவு பற்றி ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956இல் எழுதிய கட்டுரை பிரபலமானது. ஏழு விஷயம், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்றார் அவர். 2001இல் நெல்சன் கோவன் என்ற இன்னொரு உளவியலாளர் அந்தக் கணக்கைச் சுமார் நான்காகக் குறைத்தார். அதுவும் பெரியவர்களுக்கான கணக்கு. எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் குறைவு. அதுவும் ஜன்னலுக்கு வெளியே ஐஸ் வண்டி மணி அடிக்கும்போது கேட்கவே வேண்டாம்.

ஆகவே ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைமுற்று. “பையைக் கீழ வைங்க.” நிறுத்துங்கள். எல்லோரும் வைக்கட்டும். “கணக்கு நோட்டை எடுங்க.” மறுபடி நிறுத்துங்கள். நேரம் வீணாவது போலத் தோன்றும். ஐந்தையும் மொத்தமாகச் சொல்லிவிட்டுப் பத்துப் பேருக்குத் திரும்பச் சொல்கிற நேரத்தோடு ஒப்பிட்டால் இது மிச்சம்தான்.

அப்புறம், “புரிஞ்சதா?” என்று கேட்காதீர்கள். வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் வருகிற மாதிரி “புரிஞ்சது சார்” என்று கோரஸாக வரும். அதில் ஒன்றும் இல்லை. கடைசி பெஞ்சில் ஒருவரைப் பார்த்து, “முதல்ல என்ன செய்யப்போற?” என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் நீங்கள் சொன்னது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். இன்னொன்று: தாளோ சாக்பீஸோ எதுவாக இருந்தாலும் சொல்லி முடித்த பிறகே கையில் கொடுங்கள். கைக்குப் பொருள் வந்ததும் காது மூடிக்கொள்ளும்.

எலுமிச்சம்பழமும் நன்னாரி சர்பத்தும்

தொடங்குவதற்கு இதைவிட நல்லது இல்லை. ஒரு எலுமிச்சம்பழம், நன்னாரி சர்பத் பாட்டில், ஒரு சொம்புத் தண்ணீர், டம்ளர், ஸ்பூன், கத்தி, கீழே வைக்க ஒரு பெரிய தட்டு. மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, “எனக்கு சர்பத் போடத் தெரியாது. நீங்க சொல்றதை மட்டும் செய்வேன்” என்று நில்லுங்கள். கத்தி உங்கள் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

“எலுமிச்சம்பழத்தைப் பிழிங்க சார்.” முழுப் பழத்தை எடுத்து டம்ளருக்கு மேல் வைத்து அமுக்குங்கள். வகுப்பு சிரிக்கும். “வெட்டிட்டுப் பிழியணும் சார்!” அப்படியானால் எத்தனை துண்டாக? “சர்பத்தை ஊத்துங்க.” மூடி போட்ட பாட்டிலைச் சாய்த்துக் காட்டுங்கள். மூடியைத் திறக்கச் சொன்னதும் ஊற்றிக்கொண்டே இருங்கள், யாராவது “போதும்” என்று கத்தும் வரை. தட்டு அதற்குத்தான்.

சிரிப்பு அடங்கியதும் என்னென்ன சொல்லாமல் விட்டோம் என்று வகுப்பைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். எந்தக் கருவி, எவ்வளவு, எதற்குள், எப்போது நிறுத்துவது: பிள்ளைகள் விடுவது பெரும்பாலும் இந்த நான்கைத்தான். இரண்டாவது சுற்றில் வகுப்பே சேர்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நீங்கள் எழுதி, எழுதியதை வாசித்துப் போடுங்கள். இந்தத் தடவை சர்பத் வந்துவிடும்.

கோமாளித்தனம் அளவோடு இருக்கட்டும். வேண்டுமென்றே தப்பாகப் புரிந்துகொள்கிறீர்கள் என்று பிள்ளைகளுக்குத் தோன்றிவிட்டால் வார்த்தையைக் கவனிக்க மாட்டார்கள், அடுத்த கூத்துக்குக் காத்திருப்பார்கள். சர்பத் யாருக்கு என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பீரியடும் போச்சு. ஜிகர்தண்டா போடலாம் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். கடற்பாசி ஊறவைப்பது, பாலைச் சுண்டக் காய்ச்சுவது என்று அது நீண்ட வேலை. நோட்டில் படிப்படியாக எழுதிக் காட்டச் சொன்னால் போதும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாள்

ஆளுக்கு ஒரு தாள். கண்ணை மூட வேண்டும், பேசக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “பாதியாக மடியுங்கள். மறுபடியும் பாதியாக மடியுங்கள். வலது பக்க மேல் மூலையைக் கிழியுங்கள். தாளைத் திருப்புங்கள். இடது பக்கக் கீழ் மூலையைக் கிழியுங்கள்.” கண்ணைத் திறந்து தாளை விரிக்கச் சொல்லுங்கள். ஒருவர் தாளில் நடுவில் பெரிய ஓட்டை, இன்னொருவர் தாளில் ஓரத்தில் மட்டும் கடித்த மாதிரி இருக்கும். எல்லோரும் சொன்னபடிதான் செய்திருக்கிறார்கள்.

“பாதியாக” என்றால் நீளவாக்கிலா, அகலவாக்கிலா? மடிப்பு விளிம்பு நம்மைப் பார்த்து இருக்க வேண்டுமா? “திருப்பு” என்றால் பின்பக்கம் முன்னே வரும்படியா, வைத்த இடத்திலேயே சுற்றுவதா? எவ்வளவு கிழிப்பது? இந்தக் கேள்விகளை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பக்கத்துத் தாளோடு தன் தாளை ஒப்பிட்டுப் பார்த்தாலே அவை தானாக வரும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சேர்த்து ஐந்து வரியையும் ஒரு பிள்ளை திருத்திச் சொல்லட்டும். மற்றவர்கள் மறுபடி கண்ணை மூடிச் செய்யட்டும். இரண்டாவது சுற்றில் தாள்கள் ஒன்றுபோல வரத் தொடங்கும்.

புள்ளிக் கோலம்

எனக்குப் பிடித்தது இது. வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகங்களில் வட்டம் சதுரம் வைத்துச் செய்வதை நம் ஊரில் கோலத்தில் செய்தால் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள்.

இருவர் இருவராக முதுகோடு முதுகு ஒட்டித் தரையில் உட்கார வேண்டும். இடமில்லாத வகுப்பில் பெஞ்சிலேயே நடுவில் இரண்டு பைகளை நிறுத்திச் சுவர் கட்டிக்கொள்ளலாம். ஒருவர் கையில் நீங்கள் வரைந்து கொடுத்த சிறு கோலம். இன்னொருவர் கையில் வெறும் தாள். சொல்பவர் மட்டும் பேசலாம், வரைபவர் வாய் திறக்கக் கூடாது. முதல் நாள் வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசைப் புள்ளி வைத்து, நான்கு ஓரங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் வைர வடிவம் போதும்.

தொடக்கத்தில் காதில் விழுவதெல்லாம் “மேல ஒரு புள்ளி வை, அங்கிட்டு ஒரு கோடு போடு, இல்லடி, இங்கிட்டு” என்பதுதான். நேரே பார்த்துப் பேசும்போது அங்கிட்டும் இங்கிட்டும் கையோடு சேர்ந்து வேலை செய்கின்றன. முதுகுக்குப் பின்னால் கை தெரியாது. ஆகவே இரண்டாவது சுற்றில் அந்த இரண்டையும் தடை செய்துவிடுங்கள். சொன்னால் ஒரு பாயிண்ட் குறையும் என்று வைத்தால் வகுப்பே காவல் காக்கும்.

அடுத்தது, நீங்கள் பொறுத்திருக்க வேண்டிய இடம். “மேலிருந்து ரெண்டாவது வரிசை, இடமிருந்து மூணாவது புள்ளி” என்று சிலர் சொல்லத் தொடங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு ஜோடி புள்ளிகளுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டுக்கொள்ளும். “2லிருந்து 6க்கு ஒரு கோடு. 6லிருந்து 8க்கு. 8லிருந்து 4க்கு. 4லிருந்து 2க்கு.” முடிந்தது. அந்த ஜோடி கண்டுபிடித்ததை எல்லோருக்கும் சொல்லச் சொல்லுங்கள். ஆசிரியர் முதலிலேயே எண் போடக் கற்றுக்கொடுத்துவிட்டால் விளையாட்டு சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஒட்டாது.

வீட்டில் கோலம் போட்டுப் பழகிய பிள்ளைகள் வேறு மாதிரி பேசுவார்கள். “7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி” என்று ஒரே வரி. கோலம் தெரிந்தவர் அதைக் கேட்டதும் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37 புள்ளியைச் சந்தேகமில்லாமல் வைத்துவிடுவார். தெரியாதவருக்கு அந்த வரியில் ஒன்றுமே இல்லை. தெரிந்த ஒருவரையும் தெரியாத ஒருவரையும் ஜோடி சேர்த்து இதைச் சொல்ல வைத்துப் பாருங்கள். சுருக்கமாகச் சொல்வதும் தெளிவாகச் சொல்வதும் எதிரில் இருப்பவரைப் பொறுத்து மாறும் என்பதை நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை. “எனக்குக் கோலம் தெரியாது” என்று நழுவப் பார்க்கும் பையன்கள் இந்தச் சுற்றுக்கு மிகவும் உபயோகமானவர்கள்.

மூன்றாவது சுற்றில் வரைபவர் கேள்வி கேட்கலாம். கேட்கலாம் என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். வகுப்பில் கேள்வி கேட்டால் திட்டு விழும் என்ற பயம் சில பிள்ளைகளுக்கு ஊறிப்போயிருக்கும். அதனால் ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்று விதியாக்குங்கள். கேள்வி இல்லாமல் வரைந்த தாளையும் கேள்வியோடு வரைந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சிக்குக் கோலத்தை எட்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். புள்ளியைச் சுற்றி வளைந்து போகும் கம்பியை வாயால் சொல்வது பெரியவர்களுக்கே திண்டாட்டம்.

ஜங்ஷனிலிருந்து விளக்குத்தூண்

வழி சொல்லப் பழக்க மதுரையைப் போல வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம். நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். அதைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அடுத்து மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். மைதானத்தில் சாக்பீஸாலோ சுண்ணாம்புப் பொடியாலோ சதுரத்துக்குள் சதுரமாகப் போட்டால் ஊர் வந்துவிடும். நான்கு பக்கமும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று எழுதுங்கள். படத்தில் போட்ட கிழக்கு நிஜக் கிழக்காகவே இருக்கட்டும். இடையில் வரும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதியெல்லாம் இந்தப் படத்துக்கு வேண்டாம்.

ஒரு பிள்ளை வெளியூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர். மேலவெளி வீதிக்கு மேற்கே ஜங்ஷனில் நிற்கிறார். இன்னொரு பிள்ளை மைதானத்தின் ஓரத்தில் நின்று விளக்குத்தூணுக்கு வழி சொல்ல வேண்டும். வந்தவருக்கு எந்த வீதியின் பெயரும் தெரியாது, சொன்னபடி நடக்க மட்டும் தெரியும்.

இங்கே இடது வலது குழப்பம் வெளியே வரும். சொல்பவர் பார்க்கும் திசையும் நடப்பவர் பார்க்கும் திசையும் வேறு வேறு. “ரைட்டுல திரும்பு” என்றால் யாருடைய ரைட்? நம் கிராமத்துப் பெரியவர்கள் “கிழக்கால போயி வடக்கால திரும்பு” என்று சொல்வதில் இந்தத் தொல்லையே இல்லை. நடப்பவர் எப்படித் திரும்பி நின்றாலும் கிழக்கு கிழக்குதான். முதல் சுற்று இடது வலதை வைத்து, இரண்டாவது சுற்று திசைகளை வைத்து நடத்துங்கள்.

நல்ல வழி ஒன்று இப்படி இருக்கும்: “நேரா கிழக்க பாத்து நட. முதல்ல வர்ற பெரிய வீதியைத் தாண்டு. அடுத்த வீதியில நில்லு. தெற்க பாத்துத் திரும்பி, வீதி முடியுற வரைக்கும் நட. அங்கேர்ந்து கிழக்க திரும்பு. அந்த வீதியும் முடியுற மூலைதான் விளக்குத்தூண்.” எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு அடியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். “போய்க்கிட்டே இரு” என்று சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்ல மறந்தால், நடப்பவர் மைதானச் சுவர் வரை போக வேண்டும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்.

சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் சார் மாசி வீதியில ஓடுது என்று யாராவது கேட்பார்கள். அருமையான கேள்வி, ஆனால் அதற்குள் போனால் திரும்பி வர முடியாது. நாளைக்கு என்று சொல்லிவிடுங்கள்.

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துப் பள்ளி என்றால் அந்த ஊரையே வரையுங்கள்: மந்தை, கண்மாய்க்கரை, ரேஷன் கடை, தண்ணித் தொட்டி, பஸ் ஸ்டாப். அங்கே வேறொரு சிக்கல் வரும். “மாடு கட்டியிருக்கும்ல, அதுக்குப் பக்கத்துல” என்பார்கள். சாயங்காலம் மாடு இருக்காது. நாளைக்கும் அதே இடத்தில் இருக்கக் கூடிய அடையாளத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் கிடைக்கும் பத்து நிமிடத்துக்கு

‘அப்பத்தா சொல்லுது’. “அப்பத்தா சொல்லுது, கையைத் தூக்கு” என்றால் தூக்க வேண்டும். வெறுமனே “கையைத் தூக்கு” என்றால் அசையக் கூடாது. அவுட் ஆனவர்களை உட்கார வைத்துவிடாதீர்கள், அதிகம் பழக வேண்டியவர்களே அவர்கள்தான். தொடர்ந்து ஆடட்டும், தப்புகளை அவர்களே எண்ணிக்கொள்ளட்டும். ஆங்கில வகுப்பிலும் இதையே செய்யலாம். 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய கற்பிப்பு முறையின் அடிப்படையும் இதுதான்: மொழி தெரியாதவர் முதலில் பேச வேண்டாம், “ஸ்டாண்ட் அப்”, “டச் தி டோர்” என்று கேட்டு உடம்பால் பதில் சொன்னால் போதும்.

உறியடி. பொங்கல் விளையாட்டில் கண் கட்டியவரைச் சுற்றி ஊரே கத்திக் குழப்பும். வகுப்பில் ஒரே ஒரு குரல்தான் வழி சொல்ல வேண்டும். கம்பு வேண்டாம், பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போய் ஒரு சாக்பீஸ் டப்பாவைத் தொட்டால் போதும். படிக்கட்டு, வாசல் நிலை பக்கம் வைக்காதீர்கள். கண் கட்ட மனமில்லாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம், வழி சொல்லட்டும்.

பூக்கட்டு. மதுரையில் வகுப்புக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது நன்றாகப் பூக்கட்டுவார்கள். அவர்களில் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெரியாத ஒருவருக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு பூவை வை, எதிர்ப்பக்கம் இரண்டு வை, நூலைச் சுற்று என்பது வரை வந்துவிடும். வளையம் போட்டுக் காம்பில் மாட்டி இழுக்கும் இடத்தில் நின்றுபோகும். நன்றாகத் தெரிந்தவர்கள் இப்படித்தான் ஒரு படியை முழுங்கிவிடுகிறார்கள், கைக்குப் பழகியது வாய்க்கு வராது. “ஒரே ஒரு தடவை கையை அவுத்து விடுங்க டீச்சர்” என்று கெஞ்சுவார்கள். விடாதீர்கள். மார்கழி, தையில் மல்லிகை விலைக்கு இதெல்லாம் கட்டாது. வேப்பங்கொழுந்து வைத்தே பழகலாம்.

வாயிலிருந்து தாளுக்கு

வாயால் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முழிப்பது தெரியும், உடனே மாற்றிச் சொல்லலாம். எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வசதி இல்லை. அதனால் எழுத்தைக் கடைசியில் வையுங்கள். கத்திக் கப்பல் மடிப்பதை எழுதட்டும். தாள்களை மற்றொரு பிரிவுக்கு அனுப்பி, அவர்கள் மடித்த கப்பலைத் திருப்பி வாங்கிப் பார்க்கட்டும். மதிப்பெண் போடாதீர்கள். கப்பல் எந்த வரியில் கெட்டது என்று எழுதியவரே அடிக்கோடு போட்டால் அதுவே திருத்தம்.

இந்தப் பழக்கத்தைப் பள்ளிக்குள் நிஜ வேலைக்கும் இழுத்து வரலாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது. தொடக்கப் பள்ளிகளில் காலையில் சாப்பாட்டு வரிசை, கை கழுவுவது, தட்டு எங்கே வைப்பது என்று ஒன்றாம் வகுப்புக்குத் தினமும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையை ஐந்தாம் வகுப்புக்குக் கொடுங்கள். நான்கு வரிக்கு மேல் கூடாது, ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம், எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்கக் கூடாது. மறுநாள் காலையில் எழுதியவர்கள் தள்ளி நின்று கவனித்து, சின்னப் பிள்ளைகள் தடுமாறும் வரியை மட்டும் மாற்றி எழுதட்டும். ஒட்டும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்துக்கு ஒட்டச் சொல்லுங்கள். சும்மா விட்டால் ஐந்தாம் வகுப்பு தன் உயரத்துக்குத்தான் ஒட்டும்.